செம்பாறை வட்டம்

ஊன்றுதடியின் சத்தம் ஒன்று கூடுதலாகக் கேட்டது.

கனகேஸ்வரி நின்றாள். தடி, இடது கால், பிறகு இழுபட்டு வரும் வலது கால்: டொக், சப், சர்ர். முழங்கால் சத்திரசிகிச்சைக்குப் பிறகு அவளுடைய நடை இதுதான். ஆனால் அவள் நின்ற பிறகும் பெரிய சிவப்புப் பாறைக்கு அந்தப் பக்கத்தில் இன்னொரு 'டொக்' விழுந்து ஓய்ந்தது.

எதிரொலியாக்கும் என்று நினைத்துக்கொண்டு நடந்தாள்.

அது இரண்டாயிரத்து நான்காம் ஆண்டின் ஒக்டோபர் மாதம், பின்னேரம் மூன்றரை மணி. ஒஸ்லோவுக்கு மேற்கே ஒரு குன்றின் அடியில், காய்ந்த இரத்த நிறத்தில் தூண் தூணாக எழுந்து நின்ற பாறைகளைச் சுற்றி இரண்டு கிலோமீற்றர் வட்டப் பாதை போகிறது. வாகனத் தரிப்பிடத்தில் தொடங்கி அங்கேயே வந்து முடியும். வட நோர்வேயில், பாட்ஸ்பியோர்ட் மீன் தொழிற்சாலையின் ஈரத் தரையில் பதினாறு வருடம் நின்று தேய்ந்த முழங்கால் அவளுடையது. இப்போது முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை. "இனி ஓய்வூதியம் எடுக்கலாமே" என்று அலுவலகத்துப் பெண் இரக்கமாகச் சிரித்த சிரிப்பை அவளால் விழுங்க முடியவில்லை. இந்த வட்டத்தை ஒருமுறை தனியாகச் சுற்றிவிட்டால் திங்கட்கிழமை மறுபடி வேலைக்குப் போவது என்று முடிவு கட்டியிருந்தாள்.

"நானும் கூட வாறனே, ஈஸ்வரி," என்று கணவர் யோகலிங்கம் கெஞ்சிப் பார்த்தார்.

"வேண்டாம். நீங்கள் காருக்கை இருங்கோ. முக்கால் மணித்தியாலத்திலை வந்திடுவன்."

காற்றே இல்லை. நனைந்த பாறையிலிருந்து துருப்பிடித்த இரும்பின் வாசம் எழுந்தது; சாய்ந்த வெயில் தூண்களின் நிழல்களைப் பாதைக்குக் குறுக்கே ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டிருக்க, ஒவ்வொரு நிழலுக்குள்ளும் காலை வைக்கும்போது குளிர்சாதன அறைக்குள் நுழைவதுபோல அவளுடைய கணுக்கால் விறைத்து, வெயிலுக்கு வந்ததும் மறுபடி உயிர்த்தது. பறவை ஒன்றுகூடக் கத்தவில்லை.

டொக், சப், சர்ர்.

இந்த முறை அவள் நடக்கவில்லை. சத்தம் முன்னாலிருந்து வந்தது. அவளை நோக்கி வந்தது.

"ஹலோ?" என்றாள் சத்தமாக. யாரோ அவளுடைய நொண்டலைப் பழித்துக் காட்டுகிறார்கள். பயத்துக்கு முன்னால் கோபம்தான் வந்தது.

"ஆரது? வெளியிலை வா! முகத்தைக் காட்டு!"

பாதி வழியைக் காட்டும் பலகை பக்கத்தில் நின்றது. முன்னால் ஒரு கிலோமீற்றர், பின்னாலும் ஒரு கிலோமீற்றர். இப்போது திரும்பினால் பிறகு எல்லாவற்றிலிருந்தும் பின்வாங்கவேண்டியதுதான். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு, இரண்டு பாறைகளுக்கு நடுவே ஓராள் மட்டும் போகக்கூடிய இடுக்குக்குள் நுழைந்தாள்.

எதிர்முனையாலும் யாரோ நுழைந்தார்கள்.

டொக். சப். சர்ர்.

இடுக்கின் இருட்டில் கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. சத்தம் மட்டும் நெருங்கியது. பத்தடி. ஐந்தடி. அவளுடைய தலையில் வைத்த எண்ணெயின் மணமும் முழங்காலுக்குப் பூசிய மருந்தின் மணமும் எதிரிலிருந்து வந்தன. அவள் பாறையோடு ஒட்டவில்லை. ஒதுங்கவில்லை. தோளை முன்னால் கொடுத்து நின்றாள்.

குளிர்ந்த தோள் ஒன்று அவள் தோளில் இடித்தது. உரசியது. கடந்தது.

சத்தம் அவள் வந்த வழியே போனது.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இது வட்டம். அந்த வழியும் காருக்குத்தான் போகிறது.

கனகேஸ்வரி ஓடினாள். ஓட்டமா அது? தடி, கால், வலி. தடி, கால், வலி. மரத்தில் பாதை காட்டும் நீலக் குறி. அடுத்த குறி. சறுக்கினாள். எழும்பினாள். உள்ளங்கையில் இரத்தம். நிற்கவில்லை.

தரிப்பிடம். கார். இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது.

முன் இருக்கையில், அவருக்குப் பக்கத்தில், அவள் போட்டிருந்த அதே பச்சைக் குளிரங்கியோடு ஒருத்தி ஆசனப் பட்டியைக் கொழுவிக்கொண்டிருந்தாள்.

கனகேஸ்வரி காருக்கு முன்னால் போய் நின்று தடியால் அதன் முன்மூடியில் ஓங்கி ஓர் அடி போட்டாள். யோகலிங்கம் திடுக்கிட்டுப் பார்த்தார். அவளை அடையாளம் தெரிந்த பார்வை இல்லை அது. திறந்திருந்த கண்ணாடி வழியே அவருடைய குரல் கேட்டது.

"ஈஸ்வரி, ஆரப்பா உந்த மனிசி?"

அவள் அழவில்லை. பின்கதவைத் திறந்து ஏறி இருந்து, அடித்துச் சாத்தினாள்.

"நான்தான் ஈஸ்வரி. இறங்கமாட்டன். வீட்டுக்குக் காரை எடுங்கோ."

முன்னால் இருந்தவள் திரும்பவில்லை. கனகேஸ்வரியின் குரலில், கனகேஸ்வரி வாழ்நாளில் ஒருமுறைகூட வெளிக்காட்டாத பயத்தோடு சொன்னாள்:

"அவள் இருக்கட்டும். கதவுகளைப் பூட்டுங்கோ. கெதியா. அங்கை பாருங்கோ."

பாதையின் இரண்டு வாயிலிருந்தும் பெண்கள் வந்துகொண்டிருந்தார்கள். இந்த வாயால் ஒருத்தி. அந்த வாயால் ஒருத்தி. பிறகு நான்கு பேர். பிறகு எண்ண முடியவில்லை. எல்லாருக்கும் அவளுடைய முகம், அதே பச்சைக் குளிரங்கி. எல்லாருக்கும் உள்ளங்கையில் இரத்தம். ஒருத்தியும் அழவில்லை, திரும்பிப் போகமாட்டேன் என்று முடிவெடுத்த இறுகிய தாடையோடு காரைச் சுற்றி வந்து நின்றார்கள்.

முதல் வந்தவள் குனிந்து, கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கனகேஸ்வரியின் கண்ணுக்குள் பார்த்தாள். பிறகு பின்கதவின் கைபிடியில் கையை வைத்தாள்.

"இறங்கு," என்றாள். "அது என்ரை இடம்."