மூன்று மில்லிமீட்டர் தூரம்

"பெட்டியைக் கொஞ்சம் நகர்த்தறீங்களா பிரதர்? மனுஷங்களும் நிக்கணும்!"

காலை ஏழு மணி. குமாசி நகரத்தில் ஜூன் மழை சொல்லிக்கொண்டு வராது... வந்தால் லேசில் போகவும் போகாது. ஆஸ்பத்திரி வாசலில் பஸ்ஸுக்காகப் போட்டிருந்த தகரக் கூரையின் கீழ் ஒரு பாய் விரிக்கும் இடம்தான் காய்ந்திருந்தது. அதில் பாதியை ஒரு பெரிய மரப்பெட்டி பிடித்துக்கொண்டிருந்தது. பெட்டிக்கு மழைக்கோட்டு போர்த்தியிருந்தது. பெட்டிக்குச் சொந்தக்காரனோ தொப்பலாக நனைந்து நின்றான்.

"மன்னிக்கணும் சிஸ்டர். நீங்க நனைஞ்சா காஞ்சிடுவீங்க. இது நனைஞ்சா அவ்வளவுதான்."

"அப்படி என்ன, உள்ளே தங்கமா இருக்கு?"

"தங்கமா இருந்தா துடைச்சு வச்சுக்கலாமே..."

ஃப்ரேமாவுக்குச் சிரிப்பு வந்தது. காட்டிக்கொள்ளவில்லை. அவன் இமையில் ஒரு துளி நின்றிருந்தது. விழுமா, விழாதா என்று பார்த்துக்கொண்டே இருந்தவள், அவன் நிமிர்ந்து பார்த்ததும் சட்டென்று சாலைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். சே... என்ன இது, சின்னப் பெண் மாதிரி!

அரை மணி கழித்து, புற்றுநோய்ப் பிரிவின் கதிர்வீச்சு அறையில் அதே ஆள் அதே பெட்டியைத் திறந்துகொண்டிருந்தான். பெயர் செலோம். அக்ராவிலிருந்து வந்த கம்பெனி இன்ஜினியர். நோயாளியைப் படுக்கவைத்துப் படம் எடுத்து, கட்டி இருக்கும் இடத்தைப் பார்த்துக் கதிரைச் செலுத்தும் அந்த மெஷினுக்குப் படம் எடுக்கும் பலகை, அதாவது பேனல், கெட்டுப்போயிருந்தது. புதுசு அந்தப் பெட்டியில் இருந்தது.

"நீங்கதான் இந்த மெஷினைச் சோதிக்கிறவங்களா மேடம்? முன்னாடியே சொல்லியிருந்தா இன்னும் கொஞ்சம் இடம் விட்டிருப்பேனே!"

"இன்னும் கொஞ்சம்தானா?"

அவன் சிரித்தான். அந்தக் கட்டிடத்தில் அப்படி யாரும் சிரித்து அவள் பார்த்து நாளாகிவிட்டது. வாரத்துக்கு ஒரு பெயராவது நோயாளிகள் பட்டியலிலிருந்து அடிக்கப்படும் இடம் அது. மருத்துவ இயற்பியல் படித்தவள் அங்கே அவள் ஒருத்திதான்.

மதியத்துக்குள் பலகையை மாட்டியாயிற்று. இனி அவள் வேலை. கடுகளவு உலோகக் குண்டு ஒன்றைக் கட்டிலின் மேல் நிறுத்தி, சிகிச்சைக் கதிரையே நான்கு திசையிலிருந்து பாய்ச்ச வேண்டும். குண்டின் நிழல் நடுவில் விழுந்தால் அதுதான் கதிரின் நடு. பலகைக்கு அந்த நடுவைத்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

அப்போது பார்த்து டம்சோ, அந்த ஊர் மின்வெட்டு... கரண்ட் போயிற்று. வந்தபோது மூன்றரை. மெஷின் மறுபடி சூடாக வேண்டும். சுன்யானியிலிருந்தும் டெச்சிமானிலிருந்தும் விடியும்முன் கிளம்பி வந்தவர்கள் பெஞ்சில் சுருண்டிருந்தார்கள். சுவரிலிருந்து வரும் சிவப்பு லேசர் கோடுகள் எப்போதும் கதிரின் நடுவைத்தானே காட்டும்! அந்தக் கோட்டிலேயே குண்டை வைத்தாள். பலகைக்கு நடுவைக் காட்டினாள். நான்கு திசைச் சோதனையை நாளைக் காலையில் பார்த்துக்கொள்ளலாம்...

"முடிஞ்சுதா மேடம்?"

"முடிஞ்சுது."

மறுநாள் காலையில் முப்பத்தொரு பேர் வரிசையில் இருந்தார்கள். அந்த நாளை வரவேயில்லை. தினசரிச் சோதனை மட்டும் தவறாமல் நடந்தது. லேசர் கோட்டில் ஒரு கட்டையை வைத்துப் படம் எடுப்பாள். வித்தியாசம் பூஜ்யம் புள்ளி இரண்டு மில்லிமீட்டர் என்று வரும். அதைவிட நல்ல எண் ஏது!

மாலையில் அக்ராவிலிருந்து போன் வரும்.

"பேனல் எப்படி இருக்கு மேடம்?"

"நல்லா இருக்கு."

"பேனலைப் பாத்துக்கறவங்க?"

"அவங்களுக்கு ஒண்ணும் ரிப்பேர் இல்ல. வாரண்டியும் கிடையாது."

போனை வைத்த பிறகும் அந்தச் சிரிப்பு கொஞ்ச நேரம் காதில் இருக்கும். வாச்சே என்ற காராமணிச் சோற்றை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு நடக்கும் வழியெல்லாம் மழை பெய்யும். இப்போதெல்லாம் அது அவளுக்குத் தொந்தரவாகத் தெரியவில்லை.

ஒன்பதாம் நாள் செலோம் மறுபடி வந்தான். ஏதோ மின்விசிறி மாற்ற வேண்டுமாம். அக்ராவில் வேறு ஆளே இல்லையாம்! நோயாளிகள் முடிந்ததும், "அந்தக் குண்டுச் சோதனையை ஒரு தடவை ஓட்டிப் பாத்துடலாமா?" என்றான். ஓட்டினார்கள். படம் எடுத்துப் பலகை சொன்ன நடுவில் குண்டை வைத்தார்கள். நான்கு திசையிலும் நிழல் ஒதுங்கி விழுந்தது. மூன்று மில்லிமீட்டர்.

"உங்க பேனல்தான்!" அவள் குரல் உயர்ந்தது. "மாட்டினது சரியில்ல. எத்தனை பேரு படுத்துட்டுப் போயிருக்காங்க தெரியுமா? சிரிச்சுப் பேசினா போதுமா?"

அவன் முகம் இறுகியது. "பேனலும் லேசரும் ஒத்துத்தான் போகுது மேடம். ரெண்டும் சேர்ந்து தப்பா இருக்கு. சுவரைப் பாருங்க."

பார்த்தாள். லேசர் பெட்டியின் ஓரத்தில் வெள்ளைப் பெயின்ட். பலகை வருவதற்கு முந்தின வாரம்தான் சுவருக்குப் பெயின்ட் அடித்தார்கள். ஏணி இடித்திருக்கும். கோணிய கோட்டை வைத்து அவள் பலகைக்குப் பாடம் சொன்னாள். தினம் காலையில் அதே கோட்டை வைத்து அதையே சோதித்தாள். பூஜ்யம் புள்ளி இரண்டு... ஒன்பது நாளாக அவளுடைய தப்பே அவளுக்குச் சபாஷ் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது.

ஃப்ரேமா உட்கார்ந்துவிட்டாள். பெரும்பாலானவர்களுக்குக் கட்டியைச் சுற்றி விட்ட இடைவெளியே ஐந்து மில்லிமீட்டருக்கு மேல். ஆபத்தில்லை. ஆனால் அடோமா... நாற்பத்தொரு வயது தையல்காரி. வலது கண்ணுக்குப் பின்னால் கட்டி. பார்வை நரம்பை ஒட்டி இரண்டே மில்லிமீட்டர் விட்டுத் திட்டம் போட்டிருந்தார்கள். ஆறு முறை கதிர் வாங்கியிருக்கிறாள்.

செலோம் மெதுவாகச் சொன்னான். "பேனல் திருகு தளர்ந்திருந்துச்சுன்னு எழுதிடுங்க. நான் ஒத்துக்கறேன். எனக்குக் கம்பெனி இருக்கு, சமாளிச்சுக்குவேன். உங்களை நிறுத்திட்டா இங்க யாரு இருக்கா?"

ஒரு நொடி... ஒரே ஒரு நொடி அவள் மனசு அதைப் பிடித்துக்கொண்டது. அந்த நொடிக்காகத்தான் அவளுக்கு அழுகை வந்தது.

"இதுதான் உங்க பரிசா? பொய்யா? திருகுன்னு எழுதினா எல்லாரும் திருகைப் பாப்பாங்க. இன்னொரு ஊர்ல இன்னொருத்தி கோட்டை நம்பிக் குண்டை வைப்பா. எனக்கு உங்க தயவு வேணாம். போங்க."

அவன் போய்விட்டான்.

மறுநாள் காலை மெஷினை நிறுத்திவைத்துவிட்டு, துறைத் தலைவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். விசாரணை முடியும்வரை அவள் மெஷினைத் தொடக்கூடாது, அக்ராவிலிருந்து வேறொருவர் வருவார் என்றார். மாலைக்குள் அறிக்கை வேண்டும் என்றார். அடோமாவிடம் டாக்டர் பேசட்டும் என்றார். ஃப்ரேமா கேட்கவில்லை. டாக்டர் கூடவே போனாள்.

அடோமா மடியில் துணிப்பையை வைத்துக்கொண்டு கடைசிவரை கேட்டாள்.

"அப்ப... இந்தக் கண்ணு போயிடுமா?"

"போகாதுன்னுதான் கணக்கு சொல்லுதும்மா. ஆனா பல மாசம் பாத்தாத்தான் உறுதியா சொல்ல முடியும்."

"ஊசி கோக்கறது இந்தக் கண்ணாலதான். சொல்லாம இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காதே? ஏன் சொன்ன?"

"உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது... அதனாலதான்."

அடோமா மன்னிக்கவில்லை. திட்டவும் இல்லை. பையை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள்.

வராந்தாவில் மழைச்சாரல் அடித்துக்கொண்டிருந்தது. கடைசி பெஞ்சில் செலோம் உட்கார்ந்திருந்தான். சட்டை நனைந்திருந்தது. கண் சிவந்திருந்தது, தூங்கவில்லை போல.

"போகச் சொன்னேனே."

"போனேன். பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் போனேன். ஃப்ரேமா... நேத்து நான் தயவு காட்டல. எங்க கம்பெனித் தாள்ல 'கூடச் சோதித்தவர்'னு ஒரு கட்டம் இருக்கு. நாலு திசைப் படத்தையும் என் கண்ணால பாத்தாத்தான் அதுல கையெழுத்துப் போடணும். அன்னிக்குப் போட்டேன்."

அவள் நிமிர்ந்தாள். "படமே எடுக்கலையே..."

"தெரியாது. நான் கேக்கவே இல்லையே. நீங்க முடிஞ்சுதுன்னு சொன்னீங்க. நான் உங்க முகத்தைப் பாத்துட்டுக் கையெழுத்துப் போட்டுட்டேன். பத்து வருஷத்துல இப்படிப் போட்டது இல்ல. உங்களை எனக்கு அவ்வளவு பிடிச்சுப்போச்சு. அதைச் சொல்ல வேற நல்ல வழி இல்லாமப் போச்சு."

எத்தனையோ விதமாக இந்த வார்த்தையை அவள் நினைத்துப் பார்த்திருக்கிறாள். இப்படி நினைத்ததில்லை. கோபமும் வந்தது. அந்தக் கோபத்துக்கு நடுவில், இந்த உலகத்தில் தன் தப்புக்குப் பக்கத்தில் நிற்க ஒருத்தன் இருக்கிறான் என்பதும் தெரிந்தது. அவனைப் பிடித்திருக்கிறது... இன்றைக்கும் பிடித்திருக்கிறது.

"எனக்கும்தான்," என்றாள். "ஆனா அடோமா கண்ணு என்ன ஆகுதுன்னு தெரியற வரைக்கும் என்னால சந்தோஷமா இருக்க முடியாது, செலோம்."

"நானும் அது வரைக்கும் சந்தோஷம் கேக்கல."

கையிலிருந்த அறிக்கையைப் பெஞ்சில் விரித்தாள். கடைசிப் பக்கத்தில் அவள் கையெழுத்து மட்டும் தனியாக இருந்தது. பேனாவை அவனிடம் நீட்டினாள்.

"இப்ப சொன்னதை எழுதுங்க. என் முகத்தைப் பாத்ததை விட்டுட்டு மிச்சம் எல்லாத்தையும் எழுதுங்க... என் பேருக்குக் கீழ."

அவன் எழுதினான். சாரலில் மை கரையாமல், அவள் இரண்டு கையாலும் தாளை மறைத்துப் பிடித்துக்கொண்டிருந்தாள்.