பாடம் கேளாத முட்டைகள்

கோழி தானாகவே நடந்து போய்த் தராசில் ஏறி நின்றது.

"ரெண்டே கால் கிலோங்க" என்றார் கறிக்கடைக்காரர். கடைவாசலில் இன்னும் ஆறு கோழிகள் நின்றன. கூண்டு கிடையாது, காலில் கயிறு கிடையாது. முன்னால் நின்றது உள்ளே போனதும் அடுத்தது ஓரடி நகர்ந்து அந்த இடத்தில் நின்றுகொண்டது. ரேஷன் கடையில் மனிதர்கள் இவ்வளவு ஒழுங்காக நின்று யாரும் பார்த்ததில்லை.

நிறைமதி ஆறு மாத வயிற்றைப் பிடித்துக்கொண்டு அந்த வரிசையைப் பார்த்தாள். கோழிப்பண்ணைகள் நிறைந்த பரமத்தியில் பிறந்து வளர்ந்தவள்தான். ஆனாலும் நினைவு தெரிந்த நாளாகக் கோழி கத்தி அவள் கேட்டதில்லை. "எனக்குக் கறி வேண்டாங்ணா" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள்.

எல்லாம் முட்டைப்பாடம் செய்த வேலை. ஓட்டுக்குள் இருக்கும் குஞ்சுக்குப் பன்னிரண்டாம் நாள்வாக்கில் காது கேட்கத் தொடங்கும். அதைக் கண்டுகொண்ட யாரோ ஒரு புத்திசாலி, பொரிப்பகங்களில் முட்டைத் தட்டுகளுக்கு மேல் பாடக்குழல்களை மாட்டி, மூன்று மெட்டுகளை இரவும் பகலும் ஒலிக்க விட்டான். முதல் மெட்டு, பயப்படாதே. இரண்டாவது, கொத்தாதே. மூன்றாவது, கூப்பிட்டால் வா. ஓட்டை உடைத்து வரும்போதே குஞ்சுக்கு மூன்றும் மனப்பாடம். நாற்பதாம் நாள் லாரியில் மூன்றாவது மெட்டைப் போட்டால் பண்ணை மொத்தமும் தானே ஏறிக்கொள்ளும். நிறைமதிக்கு இது புத்தகத்தில் படித்த சங்கதி அல்ல. அப்படியொரு பொரிப்பகத்தில் ஒன்பது வருஷமாகத் தட்டு திருப்பும் வேலை அவளுக்கு.

கோழியோடு நின்றிருந்தால் யாருக்கு என்ன நஷ்டம்? மனிதக் கரு மட்டும் செவிடா என்று அடுத்த கேள்வி வந்தது. பாடப்பட்டை வந்தது. ஏழாம் மாதம் வளைகாப்பில் கை நிறைய வளையல் அடுக்குவது, அந்தச் சத்தம் வயிற்றுக்குள் கேட்கட்டும் என்றுதானே? இப்போது வளையலோடு சுகாதார நிலையத்து சிஸ்டர் அதே மூன்று மெட்டும் ஒலிக்கும் ஒரு பட்டையையும் வயிற்றில் கட்டிவிடுகிறார். பட்டைப் பிள்ளைகள் அழுவதில்லை, அடம் பிடிப்பதில்லை. ஊசி போட்டால் அடுத்த கையையும் நீட்டுகிறார்கள். பெற்றவர்களுக்குத் தலைகால் புரியவில்லை.

நிறைமதியும் அப்படித்தான் மெச்சிக்கொண்டிருந்தாள், போன தைமாசம் வரைக்கும். அவள் கணவன் லோகநாதனின் தங்கை மகள் இனியாவுக்கு ஐந்து வயது. தெருநாய் ஒன்று அவள் கையைக் கவ்வியது. குழந்தை ஓடவில்லை, கையை உதறவில்லை, கத்தவில்லை. நாய் கடித்து முடிக்கும் வரை நின்றுவிட்டு, ரத்தம் சொட்டச் சொட்ட வீட்டுக்குள் வந்து, "அத்தை, கழுவி விடுங்க" என்று சிரித்தாள். அந்தச் சிரித்த முகம் நிறைமதியின் கண்ணை விட்டு அகலவேயில்லை. தன் பிள்ளைக்குப் பட்டை கட்டவிடுவதில்லை என்று அன்றைக்கே ஒற்றைக் காலில் நின்றாள்.

"பட்டை கட்டாத பிள்ளைய எந்த ஸ்கூல்ல சேத்துக்குவான்?" என்றான் லோகநாதன். "பாடமில்லாத குஞ்சு பொறந்த உடனே பயத்துலயே செத்துப்போகும்னு உன்ற கம்பெனியே சொல்லுதில்ல? பிள்ளைக்கும் அப்படி ஆச்சுன்னா?"

"அத யாராச்சும் கண்ணால பாத்தாங்களா மாமா?"

யாரும் பார்த்ததில்லை.

"நாம பொரிச்சுப் பாக்கலாம். பாடமே கேக்காத குஞ்சு. அது உசுரோட இருந்து, கைய நீட்டுனா பயந்து ஓடுச்சுன்னா பட்டை வேண்டாம். செத்துப்போச்சுன்னா நானே வந்து கட்டிக்கறேன். சரிங்களா?"

லோகநாதன் நல்லவன். அவளை மாதிரியே உள்ளுக்குள் அவனுக்கும் பயம், அவ்வளவுதான். சரி என்றான்.

பண்ணையிலிருந்து அன்றைக்கு வந்து இறங்கிய, இன்னும் எந்தக் குழலுக்கும் அடியில் போகாத முட்டைகளில் பன்னிரண்டை நிறைமதி சாப்பாட்டுத் தூக்கில் உமிக்கு நடுவே வைத்து, காதும் காதும் வைத்தமாதிரி வீட்டுக்குக் கொண்டுவந்தாள். லோகநாதன் குளிர்பெட்டி மெக்கானிக். மீன் வந்த தெர்மோகோல் பெட்டியில் பனி உருக்கும் கம்பியைச் சூட்டுக்கு வைத்தான். பழைய கம்ப்யூட்டரின் சின்ன விசிறியை மாட்டினான். மூடியில் கண்ணாடி பதித்து, பக்கவாட்டில் காற்றுக்கு எட்டு ஓட்டை போட்டான். உள்ளே ஒரு கிண்ணம் தண்ணீர், அதில் ஸ்பாஞ்சு. அடைப்பெட்டி தயார்.

தயார் என்று அவன்தான் சொன்னான். முட்டை வைக்காமல் இரண்டு நாள் ஓட்டிப் பார்த்ததில் சூடு முப்பத்தாறுக்கும் முப்பத்தொன்பதுக்கும் நடுவே ஊஞ்சல் ஆடியது. "முப்பத்தேழரை. அரை டிகிரி ஏறுனா வெந்துரும், எறங்குனா வெறச்சுரும். ஃப்ரிட்ஜ் ரிப்பேர்னு நெனச்சீங்களா?" என்று அவள் வெடித்தாள். அவன் முனகிக்கொண்டே இரண்டு பாட்டிலில் தண்ணீர் நிரப்பி உள்ளே படுக்க வைத்தான். தண்ணீர் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ள, முள் முப்பத்தேழரையில் ஆணி அடித்தாற்போல் நின்றது.

சூட்டைவிடப் பெரிய கவலை சத்தம். மூன்றாவது மெட்டைப் போட்டுக்கொண்டு கோழி லாரிகள் நாளுக்கு நாலு தடவை அந்தத் தெருவில்தான் போகும். அதனால் பெட்டியைச் சமையலறைக்குப் பின்னாலிருந்த சாமான் அறையில் வைத்தார்கள். சுவரெல்லாம் உமி மூட்டை அடுக்கி, கதவில் இரட்டைப் போர்வை தொங்கவிட்டார்கள். உள்ளே நின்றால் தன் மூச்சுச் சத்தம்தான் கேட்டது. குஞ்சுகள் பொரிவதற்கு முந்தைய நாள் ஓட்டுக்குள்ளிருந்தே ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் என்று நிறைமதி சொல்லியிருந்தாள். அதைக் கேட்கும் ஆசையில் லோகநாதன் பெட்டிக்குள் ஒரு ஒலிப்பதிவியையும் ஒட்டிவைத்தான்.

முட்டையின் ஒரு பக்கம் பென்சிலில் பெருக்கல் குறி, மறுபக்கம் வட்டம். காலை, மதியம், சாயங்காலம் என்று நாளுக்கு மூன்று தடவை நிறைமதி தனியாகப் போய்த் திருப்பிவிட்டு வந்தாள். கரு ஓட்டில் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க அதுதான் வழி. அவளுக்கு அந்த வேலை பிடித்திருந்தது. ஏழாம் நாள் டார்ச் அடித்துப் பார்த்ததில் மூன்று முட்டையில் கரு பிடிக்கவில்லை. ஒன்பதில் சிவப்பு நரம்புகள் ஓடின, நடுவே ஒரு புள்ளி துடித்தது. லோகநாதன் சின்னப் பிள்ளை மாதிரி "என்னயும் பாக்க விடு, என்னயும் பாக்க விடு" என்று இடித்துக்கொண்டு நின்றான். அந்த நிமிஷம் இருவருக்கும் சந்தோஷம் தாங்கவில்லை.

பதினெட்டாம் நாள் திருப்புவதை நிறுத்திவிட்டு, ஒன்பதையும் பொரிப்பெட்டிக்கு மாற்றினாள். அதுவும் இதே மாதிரிப் பெட்டிதான், ஈரம் மட்டும் கூடுதல். குஞ்சுகளின் கால் வழுக்கி விரியாதிருக்க அடியில் சாக்குத் துணி. இருபதாம் நாள் முட்டைகள் 'டிக் டிக்' என்றன. மறுநாள் மதியத்துக்குள் ஏழு குஞ்சுகள் ஓட்டை உடைத்துக்கொண்டு வந்தன. இரண்டு முட்டை பொரியவில்லை; பொரிந்ததில் ஒன்றும் சாகவில்லை.

"பாத்தீங்களா! பாத்தீங்களா!" என்று நிறைமதி அழுதேவிட்டாள்.

ஈரம் உலர்ந்ததும் லோகநாதன் மூடியைத் திறந்து, மேலிருந்து பருந்து இறங்குவது போலக் கையை விசுக்கென்று இறக்கினான்.

ஏழும் அண்ணாந்து பார்த்தன. ஒன்றும் ஓடவில்லை. ஒன்றன்பின் ஒன்றாக வரிசை கட்டி நடந்துவந்து, முதல் குஞ்சு அவன் உள்ளங்கையில் ஏறி நின்றது. அடுத்தது அதன் இடத்துக்கு நகர்ந்தது.

தலையைத் தாழ்த்தி, சீராக இடைவெளி விட்டு நிற்கும் அந்த வரிசையை நிறைமதி ஒன்பது வருஷமாகப் பார்க்கிறாள். இது பாடம் கேட்ட குஞ்சு.

"லாரிச் சத்தம் உள்ள வந்திருக்கும்" என்றாள்.

"வந்திருந்தா ரெக்கார்டுல இருக்குமே."

சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து கேட்டார்கள். விசிறியின் இரைச்சல், மணிக்கணக்காக விசிறியின் இரைச்சல். லாரி இல்லை, தெரு இல்லை. பிறகு கதவு திறக்கும் ஓசை. முட்டைகள் மெல்ல உருளும் ஓசை. அதோடு ஒரு பெண் குரல், வாயைத் திறக்காமல், மிக இனிமையாக முனகியது. முதல் மெட்டு. அது முடிந்ததும் இரண்டாவது. மூடியைச் சாத்தும்போது மூன்றாவது.

லோகநாதன் ஓட்டி ஓட்டிப் போட்டான். காலை, மதியம், சாயங்காலம். பதினெட்டு நாளும், ஒரு வேளைகூடத் தவறாமல்.

"நான் பாடல மாமா" என்றாள் நிறைமதி. "சத்தியமா எனக்குத் தெரியாது."

பொய் இல்லை. தட்டு திருப்பும் வரிசையில் நாற்பது பெண்கள் வேலை செய்கிறார்கள். குழல் பாட, அதற்கேற்பக் கை போகும், கையோடு தொண்டையும் போகும். கேட்டுக் கேட்டுப் பழகிய காதில் அது சத்தமாகவே விழுவதில்லை. நிறைமதியின் கை தானாக வயிற்றுக்குப் போனது. அந்தப் பெட்டியில் முட்டைகள் இருந்தது பதினெட்டு நாள்தான். இந்தக் குழந்தை ஆறு மாதமாக அவளுக்குள் இருக்கிறது.

லோகநாதன் அவள் தோளைப் பிடித்தான். "பட்டை வேண்டாம். நானே சிஸ்டர்கிட்டச் சொல்லிடறேன். வேலைய விட்டுரு. இனிமே பாடாம இரு, போதும்." அவள் அன்றே வேலையை விட்டாள். முனகல் வராதிருக்கப் பகலெல்லாம் பல்லிடுக்கில் கிராம்பு வைத்துக் கடித்தாள். நாக்கு வெந்து போயிற்று.

ஏழாம் மாதம் இருவரும் சுகாதார நிலையத்துக்குப் போனார்கள். சிஸ்டர் பெயர் எஸ்தர்ராணி. என்ன பேசுவது, எப்படிச் சண்டை போடுவது என்று நிறைமதி பஸ்ஸிலேயே வரி வரியாகச் சொல்லிப் பார்த்திருந்தாள். பயமும் கோபமும் குறையவேயில்லை. தன் பிள்ளை நாய் கடித்தால் கத்த வேண்டும், அவ்வளவுதான் அவள் கேட்பது.

"வேண்டாம்னா எழுதிக் குடுத்துரலாம்மா, யாரும் கட்டாயப்படுத்தல" என்றார் எஸ்தர்ராணி. "அதுக்கு முன்ன பாப்பாவ ஒரு தடவ பாத்துக்கறேன். படுங்க."

வயிற்றில் கருவியை வைத்து முதல் மெட்டை ஒலிக்க விட்டார். திரையில் எகிறிக்கொண்டிருந்த குழந்தையின் இதயத் துடிப்புக் கோடு தணிந்து சீரானது. இரண்டாவது. மூன்றாவதற்குக் குழந்தை சத்தம் வந்த பக்கமாகத் திரும்பிப் படுத்தது.

"அட! மூணு பாடமும் முடிஞ்சிருச்சே. பொரிப்பகத்துல வேலையா? உங்க வரிசைல இருந்து இந்த வருஷம் பதினோரு பேரு வந்தாங்க, ஒருத்தருக்கும் பட்டை தேவைப்படல. பட்டைதான் மிச்சம் போங்க." சிரித்துக்கொண்டே மறுபடி முதல் மெட்டைப் போட்டார்.

லோகநாதனின் முகம் வெளிறிப் போனது. "நிறை, என்னமோ கேக்கோணும்னு சொன்னியே. கேளு" என்றான்.

நிறைமதி யோசித்தாள். பஸ்ஸில் சொல்லிப் பார்த்த வரிகள் எல்லாம் நினைவில் இருந்தன, ஒன்றுகூட மறக்கவில்லை. ஆனால் அவற்றை யாரோ வேறொருத்தி சொன்னது போலிருந்தது. பயம் இருந்த இடத்தைத் தேடிப் பார்த்தாள். அங்கே ஒன்றுமில்லை. உடம்பு லேசாக இருந்தது. ஒன்பது வருஷம் அந்தக் குழலுக்கடியில் நின்றவள் அவளும்தானே என்று ஒரு நினைப்பு வந்தது. அதுவும் பெரிதாகத் தோன்றவில்லை.

"ஒண்ணுமில்லீங்க மாமா. நல்லாத்தான இருக்குது" என்றாள்.

அவன் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. இவ்வளவு நல்ல மனுஷன் எதற்கு இப்படிப் பதறுகிறான் என்று அவளுக்குப் பாவமாக இருந்தது. எழுந்து உட்கார்ந்து, அவன் கையைத் தன் கைக்குள் வைத்துத் தடவிக்கொடுத்தாள். அவனுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று, வாயைத் திறக்காமல், முதல் மெட்டை மெதுவாக முனகத் தொடங்கினாள்.