சாலைக் கடை மாடியில் ஒரு ப்ரின்டர்

"இன்ஜினியர் எங்கே?" என்று கேட்டான் கோமதிநாயகம்.

"நான்தான் வந்திருக்கேன்" என்றாள் நாச்சியார்.

அவன் அவளைத் தாண்டி மாடிப்படியை எட்டிப் பார்த்தான். வேறு யாரும் ஏறி வரவில்லை. சாலைக் கடைத்தெருவில் மலையாளத் துலாம் மாத மழைதான் கொட்டிக்கொண்டிருந்தது.

என்ன ஒரு திமிர்... ஆனால் அந்தக் கண்கள் இத்தனை அழகாக இருந்திருக்க வேண்டாம். கோபப்பட அவளுக்கு வசதியாக இருந்திருக்கும்.

பாலிடெக்னிக் முடித்து ஒரு வருஷம் கம்ப்யூட்டர் ரிப்பேர் கம்பெனியில் டெலிபோன் எடுத்தே காலம் போய்விட்டது அவளுக்கு. வழக்கமாக வரும் லிங்கத்துக்கு இன்று காய்ச்சல். மேனேஜர் ராமசுப்ரமணியன் அரைமனதாகத்தான் அனுப்பினார். "இன்னைக்கு ஒரு நாள் போய்ப் பாரு. சரி பண்ணலேன்னா இனிமே டெலிபோன் சீட்தான்." அதனால் இந்த ப்ரின்டர் ஓடியே ஆகவேண்டும்.

"போன வாரம் வரை நல்லா அடிச்சுது. இப்போ ப்ரின்டரே இல்லைங்குது கம்ப்யூட்டர்" என்றான் அவன். கீழே இரும்புக்கடை அப்பாவுடையது. மாடியில் முகவரிப் பட்டியல் அச்சடித்துக் கொடுக்கும் இந்தக் கம்ப்யூட்டர் அவன் வீம்பு.

"கேபிளை யாராவது கழட்டினீங்களா?"

"யாரும் தொடலை. என் மெஷின்ல யாரும் கை வைக்க மாட்டாங்க, கேட்டோ."

அவள் ப்ரின்டரைத் தனியாக ஓட்டிப் பார்த்தாள். கரகரவென்று எழுத்துகள் விழுந்தன.

"இதுக்கு ஒரு நோயும் தீனமும் இல்லை."

"அப்போ எனக்குத்தான் தீனமோ?"

"அதை நான் எப்படிச் சொல்ல... நான் மெஷின் பாக்கத்தானே வந்தேன்."

அவன் சிரிப்பை அடக்கிக்கொண்டது தெரிந்தது. ஆனால் சுவரோடு ஒட்டியிருந்த கம்ப்யூட்டருக்குப் பின்னால் கைவிட்டுத் தடவி, பையிலிருந்த தன் கேபிளை மாற்றிப் பார்த்தும் கம்ப்யூட்டர் அதே பாட்டைத்தான் பாடியது. அரைமணி நேரம் போயிற்று. அவன் பொறுமையிழந்து டெலிபோனைச் சுழற்றினான்.

"சார், நாளைக்காவது ஆம்பிளை இன்ஜினியரா அனுப்புங்க."

ரிசீவர் அவள் கைக்கு வந்தது. "கிளம்பி வாம்மா" என்றார் மேனேஜர். அவ்வளவுதான்.

இவன் முன்னால் மட்டும் அழக்கூடாது... தன் கேபிளை உருவிக்கொள்ள கம்ப்யூட்டரை முன்னால் இழுத்து அதன் பின்பக்கம் குனிந்தாள். குப்பென்று சந்தன மணம் வந்தது.

நாச்சியார் நிமிரவில்லை. இன்னும் கிட்டே போய் மோந்து பார்த்தாள். அந்த நேரம் கோமதிநாயகத்தின் அம்மா வடிவம்மாள் காப்பியோடு வந்தாள்.

"அம்மா, சரஸ்வதி பூஜைக்கு இதுக்குப் பொட்டு வச்சீங்களா?"

"பின்னே வைக்காண்டாமா மக்களே? இவன்தான் ஒயரெல்லாம் கழட்டித் தந்தான். துடைச்சு, முன்னால ஒண்ணு வச்சேன். பின்னால இடியாப்ப அச்சு மாதிரி துவாரமா இருந்துதே... அதுல நல்லா அப்பி வச்சேன்."

கோமதிநாயகத்தின் காது சிவந்தது.

"யாருமே தொடலை... அல்லே?" என்றாள் நாச்சியார் மெதுவாக.

வளையலில் கோத்திருந்த ஊக்கைக் கழற்றினாள். இருபத்தைந்து துளை. ஒவ்வொன்றிலும் காய்ந்த சந்தனத்தைச் சுரண்டி, ஸ்பிரிட்டில் துடைத்தாள். அவன் டார்ச் பிடித்தான். ஒருமுறை அவள் நிமிர்ந்தபோது வெளிச்சம் துளையில் இல்லை, அவள் கன்னத்தில் இருந்தது.

"டார்ச் இங்கே..."

"ஸாரி" என்றான். அவளும் சுரண்டிய துளையையே மறுபடி சுரண்டினாள்.

கேபிளை மாட்டினாள். பொத்தானைத் தட்டினாள். ஒரு நொடி... இரண்டு நொடி... பிறகு கரகரவென்று வியாபாரி சங்கத்து முகவரிகள் வரிசையாக வந்து விழத் தொடங்கின. வடிவம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். நாச்சியாருக்கு அந்த மாடியிலேயே ஆடலாம் போலிருந்தது.

சர்வீஸ் ரிப்போர்ட்டை எடுத்தாள். "காரணம்னு என்ன எழுத?"

"உள்ளதை எழுதுங்க. கழட்டினது நான்தான், மறந்துட்டு வீம்பு பேசினேன்னு எழுதுங்க." கையெழுத்துப் போட்டுவிட்டு அவனே மறுபடி டெலிபோனைச் சுழற்றினான். "சார், நான் சொன்னது தப்பு. அவங்க சரி பண்ணிட்டாங்க. இனிமே இங்கே அவங்களையே அனுப்புங்க... நாளைக்கே."

"சரியாயிடுத்துன்னா நாளைக்கு எதுக்கு?" மேனேஜரின் குரல் வெளியே கேட்டது.

கோமதிநாயகம் அவளைப் பார்த்தான். எல்லா வீம்பும் போன முகம்.

"மெஷினுக்கு ஒண்ணும் இல்லை சார். அவங்களை மறுபடி பாக்கணும். எனக்கு வேற வழி தெரியலை."

நாச்சியார் எட்டி ரிசீவரை வாங்கினாள். முகம் சூடாக இருந்தது, குரல் மட்டும் பிசிறவில்லை.

"சார், டெலிபோன் சீட்டுக்கு நாளைக்கு வேற ஆளைப் பாருங்க. ப்ரின்டரை நான் சரி பண்ணிட்டேன்... இவரையும் நானே பாத்துக்கிடுதேன்."