கிளி விதி

ஜெபராணியின் வகுப்பில் அன்றைக்கும் முப்பத்தொன்பது பொறி. நடைவழிச் சுவரில் இருந்த பொறிப்பலகை அதைப் பச்சை எழுத்தில் காட்டியது. அதற்கு நேர் கீழே, 'பேராசிரியர் குற்றாலலிங்கம், அதே பாடம்' என்ற வரியில் இரண்டு. அந்த இரண்டிலும் ஒன்று, ஜன்னல் கொக்கி எப்படித் திறக்கும் என்பது கடைசி பெஞ்சில் ஒருத்திக்குப் புரிந்ததால் விழுந்தது. இயந்திரத்துக்கு அந்தப் பாகுபாடெல்லாம் கிடையாது. என்ன புரிந்தாலும் பொறிதான்.

குற்றாலலிங்கம் பலகையை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். வயிறு எரிந்தது. சும்மா இல்லை, காலையில் தின்ற நாலு இட்லியும் கருகிப்போகிற அளவுக்கு எரிந்தது.

புரிபொட்டு வந்து ஒன்பது வருடம் ஆகிறது. மிளகளவு தகடு. மாணவர்கள் நெற்றிப்பொட்டில் ஒட்டிக்கொள்வார்கள். மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டிருந்த ஒன்று சட்டென்று விளங்கும்போது மூளைக்குள் ஒரு மின்னல் வெட்டுமே, அதைப் பிடித்து ஒரு பொறி என்று பலகைக்கு அனுப்பும். அது வந்தபின் தேர்வு ஒழிந்தது, விடைத்தாள் ஒழிந்தது. பெண் பார்க்கப் போகிறவர்கள் பட்டத்தைக் கேட்பதை விட்டுவிட்டு, வருடத்துக்கு எத்தனை பொறி என்று கேட்டார்கள். வாத்தியார்களின் பதவியும் அதே எண்ணில்தான் தொங்கியது. யார் வகுப்பில் அதிகம் விழுகிறதோ அவரே பெரிய ஆள்.

கொற்கைப் பல்கலைக்கழகத்தில் அந்த வருடம் பேராசான் இருக்கையை நிரப்ப இருந்தார்கள். பல்கலைக்கழகத்துக்கு ஒன்றே ஒன்று. உட்கார்ந்தவர் ஆயுள் முழுக்க எழுந்திருக்க வேண்டியதில்லை. குற்றாலலிங்கத்துக்கு வயது ஐம்பத்தொன்பது. இயற்பியல் பேராசிரியர், அதோடு கல்வித் தொழில்நுட்ப ஆய்வு மையத்துக்கு இயக்குநர். இருக்கை கிடைத்தால் இன்னும் முப்பது வருடம் ராஜாதான். கிடைக்காவிட்டால் வரும் வைகாசியில் பொன்னாடை போர்த்தி, மாலை போட்டு, வாசல்வரை கொண்டுவந்து விட்டுவிடுவார்கள். கிடைக்காமல் போவதைக்கூடப் பொறுத்துக்கொள்வார். அது ஜெபராணிக்குக் கிடைப்பதை எப்படிப் பொறுப்பது? அவரைவிடப் பதினைந்து வயது இளையவள், இவர் கையெழுத்துப் போட்டு வேலைக்குச் சேர்த்தவள்.

"என்ன சார், பலகையவே பாத்துட்டு நிக்கீங்க? சாப்பிடப் போகலையா?" ஜெபராணி கையில் சாப்பாட்டுப் பையோடு வந்து நின்றாள்.

"போகணும். இன்னைக்கும் உங்களுக்கு மழைதான் போல."

"நான் என்ன சார் பெருசா செய்யுதேன்? உங்க பழைய குறிப்பத்தான் அப்படியே நடத்துதேன். ஒரு வரி மாத்தல."

பணிவாகத்தான் சொன்னாள். மனசில் ஒன்றும் இல்லாமல்தான் சொன்னாள். ஆனால் அன்றைக்குச் சோறு இறங்கவில்லை குற்றாலலிங்கத்துக்கு. என் குறிப்பு, என் வரி, பொறி மட்டும் அவளுக்கா? ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று அள்ளி அள்ளி ஊற்றுகிறாள். நெய் யாருடையது என்று கேட்க நாதியில்லையா? கேட்பதற்கு ஓர் இயந்திரம் செய்தால் என்ன?

எட்டே மாதத்தில் செய்துவிட்டார். ஆராய்ச்சிக்கு ஆர்வம் வேண்டும் என்பார்கள். பொறாமை அதைவிட வேகமாக வேலை வாங்கும். மூலங்காணி என்று பெயர் வைத்தார். ஒரு பொறி விழும்போது, அதை விழவைத்த வாக்கியத்தின் சாயல் அதில் ஒட்டிக்கொண்டிருக்கும். மூலங்காணி அந்தச் சாயலைப் பிடித்துக்கொண்டு, பல்கலைக்கழகத்தில் பதிவான அத்தனை வகுப்புகளுக்குள்ளும் புகுந்து, அந்த வாக்கியத்தை முதன்முதலில் யார் சொன்னார் என்று தேடிப் பிடிக்கும். பிடித்ததும் பொறியை அவர் பெயரில் எழுதிவிடும்.

ஆட்சிக்குழுவில் துணைவேந்தர் திரிபுரசுந்தரி கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றினால் கேள்வி வருகிறது என்று அர்த்தம்.

"அப்ப வகுப்பெடுக்கிற ஜெபராணிக்கு ஒண்ணும் இல்லையா சார்?"

"சட்டியில இருந்தாத்தான மேடம் அகப்பையில வரும்? சட்டிய விட்டுட்டு அகப்பைக்கு மாலை போட முடியுமா?"

"சரி. நீங்களும் ஏதோ பாடப்புத்தகத்துல இருந்துதான எடுத்திருப்பீங்க? அப்படிப் பாத்தா எல்லாப் பொறியும் புத்தகத்துக்கில்ல போகும்?"

இந்தக் கேள்வியைக் குற்றாலலிங்கம் எதிர்பார்க்கவில்லை. ஆனாலும் ஆள் சளைத்தவர் இல்லை. அங்கேயே, நின்ற நிலையில், ஒரு விதியைச் சொன்னார். புத்தகத்துக்கு எதுவும் புரியாது. அது வெறும் சொல். தனக்கே புரியாததைச் சொல்வது கிளி. கிளிக்குப் பொறியில் பங்கு கிடையாது. அந்தச் சொல்லை முதலில் புரிந்துகொண்டு சொன்ன மனிதர் யாரோ அவரே மூலம்.

"சொன்னவருக்குப் புரிஞ்சதா இல்லையான்னு மெஷினுக்கு எப்படித் தெரியும்?"

"வாத்தியாருக்குப் புரியாம இருக்குமா மேடம்? புரிஞ்சதாத்தான் எடுத்துக்கிடும். அதுக்கு மாறா ஆதாரம் கிடைச்சாத்தான் திருத்தும்."

எல்லாரும் சிரித்தார்கள். நியாயம்தானே. புரிபொட்டு வந்த ஒன்பது வருடத்தில் ஒரு வாத்தியாரும் அதை ஒட்டிக்கொண்டதில்லை. சமையற்காரரைப் பார்த்துப் பசிக்கிறதா என்று யார் கேட்பார்கள்? ஜெபராணியிடம் அபிப்பிராயம் கேட்டார்கள். "நியாயமாத்தான் தெரியுது" என்றாள். கிளி விதி நிறைவேறியது.

மூலங்காணி ஓட ஆரம்பித்த முதல் நாளே ஜெபராணியின் முப்பத்தொன்பதில் முப்பத்தொன்று குற்றாலலிங்கத்தின் பெயருக்குத் தாவியது. ஒரே மாதத்தில் பலகையின் உச்சியில் அவர். ஜெபராணி தூத்துக்குடியிலிருந்து ஒரு பெட்டி மக்ரூன் வாங்கிவந்து கொடுத்தாள். "எனக்கு அப்பவே தெரியும் சார், இதெல்லாம் உங்களதுதான்னு." முகத்தில் ஒரு சின்னச் சுருக்கம்கூட இல்லை. பாவி, கொஞ்சம் வருத்தப்பட்டாவது தொலைக்கக் கூடாதா என்று இருந்தது அவருக்கு. அவளிடமிருந்து பிடுங்கியதில் பாதி ருசி அதனாலேயே போய்விட்டது.

மீதிப் பாதியை மாணவர்கள் கெடுத்தார்கள். பொறி இவர் பெயரில் விழுந்தது, ஆனால் கூட்டம் அவள் அறையில்தான் கூடியது. வகுப்பு முடிந்தும் அவள் மேசையைச் சுற்றி நின்றார்கள். இவர் வகுப்பிலோ, பலகையில் முதல் ஆள் என்ற மரியாதைக்காகக் கொட்டாவியை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவள் அப்படி என்னதான் சொல்கிறாள்? கேட்க வேண்டும் என்று ஓர் அரிப்பு. அவள் வகுப்புக்கு எப்படிப் போவது என்று ஒரு கௌரவம்.

வழி தானாக வந்தது. இருக்கையைக் கொடுப்பதற்கு முன் ஒரு சான்றமர்வு வைக்க வேண்டும் என்றார் துணைவேந்தர். ஜெபராணி பாடம் நடத்த, பொறிகள் குற்றாலலிங்கத்தின் பெயரில் விழுவதை நேரில் பார்த்துவிட்டால் போதும், கையெழுத்துப் போட்டுவிடலாம். இதைவிட என்ன வேண்டும்? அவள் வாயாலேயே அவள் தோற்பதை முன்வரிசையில் உட்கார்ந்து பார்க்கலாம். குற்றாலலிங்கம் அன்றைக்குப் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார்.

அமர்வு கருவிக்கூடத்தில். உள்ளே தூசு ஆகாது, அதனால் எல்லாரும் செருப்பை வாசலில் விட்டுவிட்டு வந்தார்கள். உள்ளே நுழையும்போது எல்லாருக்கும் பொட்டு ஒட்டினார்கள், துணைவேந்தர் உட்பட. அறையில் ஒரு தலை வெறுந்தலையாக இருந்தாலும் மூலங்காணி திறக்காது. கள்ளக்கணக்கு வரக் கூடாது என்று குற்றாலலிங்கமே வைத்த பூட்டு அது. பொட்டு நெற்றியோரம் சில்லென்று இருந்தது.

பாடம் என்ட்ரோபி. அவருடைய குறிப்பின் பன்னிரண்டாம் பக்கம். 'தனித்த அமைப்பில் என்ட்ரோபி ஒருபோதும் குறையாது.' முப்பத்தொரு வருடமாக இந்த வாக்கியத்தைச் சொல்லி வந்திருக்கிறார். இயற்கை ஒழுங்கிலிருந்து ஒழுங்கின்மையை நோக்கிச் செல்கிறது என்பார். ஏன் செல்கிறது என்று யாராவது கேட்டால், "அது விதி" என்பார். விதி என்றபின் எவன் மறு கேள்வி கேட்பான்?

ஜெபராணி வாசலைக் காட்டினாள். "வரும்போது செருப்ப எப்படி விட்டுட்டு வந்தீங்க?"

"வரிசையா, மேடம்."

"இப்ப எப்படிக் கிடக்கும்?"

சிரித்தார்கள். "கலைஞ்சு கிடக்கும்."

"ஏன்? செருப்புக்குக் கலையணும்னு ஆசையா? யாரும் வேணும்னு கலைச்சாங்களா? இல்லல்லா? பின்னால வந்தவங்க கால் பட்டு, ஒண்ணு ஒரு சாண் நகந்திருக்கும், ஒண்ணு திரும்பியிருக்கும். அவ்வளவுதான். இப்ப யோசிச்சுப் பாருங்க. அறுபது ஜோடியும் வரிசையா இருக்கதுக்கு எத்தன வழி இருக்கு? விரல் விட்டு எண்ணிரலாம். கலைஞ்சு கிடக்கதுக்கு? கோடானுகோடி. கண்ண மூடிட்டுத் தள்ளினா எதுல போய் நிக்கும்? எது நிறைய இருக்கோ அதுல. என்ட்ரோபிங்கிறது அந்த வழிகளோட எண்ணிக்கை. இப்ப சார் எழுதினதத் திரும்பப் படிங்க."

சுவர்ப்பலகையில் பொறிகள் கொட்டின. குற்றாலலிங்கம், குற்றாலலிங்கம், குற்றாலலிங்கம். துணைவேந்தர் தலையாட்டினார்.

குற்றாலலிங்கம் பலகையைப் பார்க்கவில்லை. அவர் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். எண்ணிக்கையா? வெறும் எண்ணிக்கைதானா? உள்ளே இருந்து பிடித்து இழுக்கிற ஒரு சக்தியும் கிடையாதா? கலைவதற்கு வழி அதிகம், அதனால் கலைகிறது. ஆறிப்போன காபியும் அதனால்தான். தானாகத் திரும்பச் சூடாகாததும் அதனால்தான். அட, இவ்வளவுதானா! உடம்பெல்லாம் புல்லரித்தது. வாயைத் திறந்து சிரிக்கப் போனார். மூன்று விநாடி இருக்கும்; அந்த மூன்று விநாடியும் ஜெபராணி யார், இருக்கை எது என்பதே அவருக்கு நினைவில்லை. வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக அவர் இருந்ததில்லை.

பலகை ஒருமுறை மங்கி, திரும்ப எரிந்தது.

'மூலம் திருத்தப்பட்டது. கு. குற்றாலலிங்கம். இப்பாடத்தில் முதற்புரிதல்: இன்று, முற்பகல் 11.14. முந்தைய சொற்கள் அனைத்தும்: கிளி.'

அதன்பின் பலகையில் இருந்த பெயர்கள் மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாக மாறின. ஜெபராணி, ஜெபராணி, ஜெபராணி. விதிப்படி, புரிந்து சொன்ன முதல் ஆள் இப்போது அவள்தான். அன்றைய பொறிகள் மாறி, போன வாரத்துப் பொறிகள் மாறி, நாலு மாதக் கணக்கும் மாறி முடிந்தது.

ஜெபராணிதான் முதலில் பேசினாள். "மேடம், இது கோளாறு. சாருக்குத் தெரியாததா? சார் எத்தன வருஷமா..."

அவள் அவருக்காகப் பரிந்து பேசினாள். அதுதான் எல்லாவற்றையும்விட எரிந்தது.

துணைவேந்தர் கண்ணாடியைக் கழற்றினார். "சார், மெஷின் உங்களோடது. உங்க வார்த்தைதான் கடைசி. உங்க தலையில விழுந்த இந்த ஒரு பொறி மட்டும் கோளாறுன்னு எழுதிக் குடுத்திருங்க. பழைய கணக்கு நிக்கும். இருக்கையும் உங்களுக்குத்தான்."

தாளையும் பேனாவையும் அவர் முன்னால் வைத்தார்கள். ஒரே வரி எழுதினால் போதும். எழுதத்தான் பேனாவை எடுத்தார். எடுத்தவர் நிமிர்ந்து மாணவர்களைப் பார்த்தார். அறுபது பேர். பத்தொன்பது வயது, இருபது வயது. ஒவ்வொரு முகத்திலும் அவருக்குச் சற்றுமுன் கிடைத்த அதே வெளிச்சம். இந்தச் சின்னஞ்சிறுசுகளுக்கெல்லாம் இத்தனை வயதிலேயே இது கிடைத்துவிட்டது. அவருக்கு ஐம்பத்தொன்பதில், அதுவும் ஒரே ஒரு தடவை. இவர்களுக்கு விழுந்தது நிஜம், எனக்கு விழுந்தது மட்டும் பொய்யா? கடைசி பெஞ்சில் இருப்பவளுக்கு இருக்கிறது, எனக்கு இல்லையா? பொறாமை அவரை எத்தனையோ அற்பத்தனங்களுக்கு இழுத்துப் போயிருக்கிறது. அன்றைக்கு அதே பொறாமை அவரை உண்மை பேச வைத்தது.

"மெஷின் சரியாத்தான் இருக்கு" என்றார். "அந்தப் பொறி என்னுது. விட்டுக்கொடுக்க மாட்டேன்."

இருக்கை ஜெபராணிக்குப் போயிற்று. வைகாசியில் பொன்னாடை, மாலை, வாசல்வரை மரியாதை எல்லாம் குறைவில்லாமல் நடந்தது. மறுநாள் காலை குற்றாலலிங்கம் தன் செலவில் ஒரு பொட்டு வாங்கி ஒட்டிக்கொண்டு, ஜெபராணியின் வகுப்பில் முன்பெஞ்சில் போய் உட்கார்ந்தார். இழப்பதற்கு அவரிடம் இனி ஒன்றும் இல்லை. ஒரு நாளைக்கு ஒன்றோ இரண்டோ விழுந்தது. விழும்போதெல்லாம் கூச்சமில்லாமல் சிரித்தார். பக்கத்துப் பெண்ணுக்குத் தனக்கு முன்னால் விழுந்துவிட்டால் மட்டும் முகம் சுருங்கும். பிறவிக் குணம் அவ்வளவு லேசில் போகுமா?

கதை கொற்கையோடு நிற்கவில்லை. அந்த வருடமே மூலங்காணியை எல்லாப் பல்கலைக்கழகங்களிலும் மாட்டினார்கள். சமையற்காரருக்கும் இனிப் பசி பார்த்தாக வேண்டும் என்று வாத்தியார்களுக்கும் பொட்டைக் கட்டாயமாக்கினார்கள். வந்தது வினை. தன் பாடத்தில் புதிதாக ஏதாவது ஒன்று விளங்கிவிட்டால் போதும், அதுவரை சொன்னதெல்லாம் கிளி ஆகிவிடும். இருபது வருடக் கணக்கு இன்னொருவர் பெயருக்குத் தாவிவிடும். பேராசிரியர்கள் ஒருவர் வகுப்புக்கு இன்னொருவர் போவதை நிறுத்தினார்கள். கருத்தரங்குகளில் பேச ஆள் இருந்தது, கேட்க ஆள் இல்லை. ஆய்விதழ்கள் பிரிக்கப்படாமல் நூலகத்தில் அடுக்காகக் கிடந்தன. ஜெபராணியின் அறையைத் தாண்டிப் போகும்போது வேதியியல் துறைத் தலைவர் இரண்டு காதிலும் விரலைச் செருகிக்கொண்டு பாதி ஓட்டமாகப் போவார். கதவிடுக்கில் குற்றாலலிங்கத்தின் சிரிப்பு தெரிந்தால், ஒரு நொடி நின்று ஏக்கமாகப் பார்ப்பார், பிறகு ஓடிவிடுவார்.

இரண்டே வருடத்தில் நாடெங்கும் மாணவர்களுக்குப் பொறி விழுவது பாதியாகக் குறைந்துவிட்டது. ஏன் என்று எந்தப் பேராசிரியருக்கும் புரியவில்லை. காரணத்தை ஆராய நிதி ஒதுக்கி, குழுவுக்கு ஆள் கேட்டு அறிவிப்பும் வந்தது. புரிந்து தொலைத்துவிட்டால் என்ன செய்வது என்று ஒருவரும் விண்ணப்பிக்கவில்லை.