புயலின் க்ளாஸைக் கவிழ்த்தது யார்?

டெலிபோன் அலறியது.

கன்னத்தில் பாதி நுரையும் கையில் ரேசருமாக வந்து எடுத்தார் அவர்.

“சார்... உயிரோடதான் இருக்கீங்களா?”

இப்படி விசாரிப்பவனை வழக்கமாக அவர் சும்மா விடமாட்டார். ஓய்வுபெற்ற விங் கமாண்டர். போரில் எதிரி விமானத்தைச் சுட்டு வீழ்த்திப் பதக்கம் வாங்கியவர். அவருடைய போர் விமானப் பிரிவில் எல்லோருக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. அவருக்குப் புயல். மற்றவர்களுக்கு மற்றவர்கள் வைத்தார்கள். இவர் தனக்குத் தானே வைத்துக்கொண்டார்.

“யாருய்யா நீ?”

“விமானப்படை மெஸ் மேனேஜர் சார். மத்தியானம் உங்க ரீயூனியன் லஞ்ச் இருக்கே, அதுக்காக அலமாரியைத் துடைக்கப் போனேன். உங்க க்ளாஸ்...”

“உடைச்சிட்டியா?”

“இல்ல சார். கவிழ்ந்திருக்கு.”

ரேசர் கன்னத்தைக் கடித்தது.

நுரையில் சிவப்பாக ஒரு கோடு இறங்கியது.

“பூட்டு?”

“பூட்டினபடியே இருக்கு சார். நான் தொடலை. நீங்க... நல்லா இருக்கீங்க இல்ல?”

புயல் போனைக் கீழே வைக்க மூன்று முறை முயன்று நாலாவது முறை வைத்தார்.

விஷயம் தெரியாதவர்களுக்கு இது சிரிப்பாக இருக்கலாம். அந்தப் பிரிவில் ஒவ்வொரு விமானிக்கும் பட்டப்பெயர் செதுக்கிய ஒரு கண்ணாடி க்ளாஸ் உண்டு. போன விமானம் திரும்பி வரவில்லை என்று தெரிந்த அந்த நிமிஷமே, பக்கத்தில் இருப்பவன் செத்தவனின் க்ளாஸைக் கவிழ்க்க வேண்டும். உள்ளே என்ன இருந்தாலும் சரி, கொட்டிவிட்டுக் கவிழ்க்கக் கூடாது. இருப்பதோடு அப்படியே கவிழ்க்க வேண்டும். செத்தவன் பங்கை மேஜை குடிக்கும் என்பார்கள்.

போர்க்காலத்தில் அதிகம் கவிழ்த்த கை புயலுடையதுதான். மற்றவர்கள் மேலே பறந்துகொண்டிருந்தபோது அவருக்கு அடிக்கடி வயிற்றுவலி வரும். மெஸ்ஸிலேயே இருந்தார்.

உயிரோடு இருப்பவன் க்ளாஸை இதுவரை யாரும் கவிழ்த்ததில்லை.

“யாருங்க போன்ல?” சமையலறையிலிருந்து மனைவி வந்தாள். “ஐயோ, என்ன ரத்தம்? பதக்கம் குத்திடுச்சா?”

“விளையாடாதே. யாரோ என்னைக் கொல்லப் போறான்.”

“உங்களையா? எதுக்கு?”

அந்தக் கேள்வியில் இருந்த நிஜமான ஆச்சரியம் அவருக்குப் பிடிக்கவில்லை. க்ளாஸ் விஷயத்தைச் சொன்னார்.

அவள் யோசித்தாள்.

“பாதிரி அண்ணா போய் ரெண்டு வாரம்கூட ஆகலை. அதுக்குள்ள இது வேறயா... பேசாம போகாதீங்க. வயித்துவலின்னு சொல்லிடுங்க. உங்களுக்குப் பழக்கம்தானே.”

பாதிரி இன்னொரு விமானி. கெட்ட வார்த்தை பேசாததால் அந்தப் பெயர். தூக்கத்திலேயே போய்விட்டார். மாரடைப்பு என்றார் டாக்டர். அடக்கத்தன்று புயல் நீண்ட நேரம் பேசினார். அதில் பாதி பாதிரியைப் பற்றி.

“போகாம எப்படி? இன்னிக்கு என் படத்தைத் திறக்கறாங்க.”

“உயிரை விட அந்தப் படம் பெரிசா?”

“ஆறடி.”

*

கண்ணாடிப் பெட்டியிலிருந்த பழைய பறக்கும் ஹெல்மெட்டை எடுத்து மாட்டிக்கொண்டுதான் புயல் காரில் ஏறினார்.

மனைவி ஸ்டியரிங்கைப் பிடித்தபடி ஒரு முறை பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பதற்கு அவள் பட்ட பாடு முகத்தில் தெரிந்தது.

பட்டப்பகல். தெருவில் பள்ளிக்கூட பஸ் போனது. தபால்காரர் சைக்கிளைச் சாய்த்து வைத்தார். எல்லோருமே கொலைகாரர்களாகத் தெரிந்தார்கள்.

“பின்னாடி ஒரு லாரி.”

“குப்பை லாரிங்க.”

“நம்மளைத்தான் தொடர்ந்து வருது.”

“நம்மளைப் பார்த்தா அப்படித் தோணியிருக்கும்.”

அவர் முதுகு வியர்வையில் நனைந்திருந்தது. அவள் பின் சீட்டிலிருந்து சின்னத் தலையணையை எட்டி எடுத்தாள்.

“இதை முதுகுக்கு வெச்சுக்கோங்க.”

புயல் தேள் கொட்டியது போலத் துள்ளினார்.

“எடு அதை... எடுன்னு சொல்றேன்!”

தலையணை பறந்து பின்னால் விழுந்தது.

“என்ன ஆச்சு உங்களுக்கு?”

“சூடா இருக்கு.”

சிக்னலில் கார் நின்றது. அவள் சாதாரணமாகத்தான் கேட்டாள்.

“ஏங்க... பாதிரி அண்ணா சாகறதுக்கு முன்னாடி உங்களுக்கு போன் பண்ணினாரே. ரீயூனியன்ல ஏதோ ஒரு உண்மையைச் சொல்லப் போறேன்னாரே. என்ன உண்மை அது?”

“எனக்கென்ன தெரியும்?”

“அவர் செத்த அன்னிக்குத்தான் நான் தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தேன். நீங்ககூட ஜுரம்னு படுத்திருந்தீங்க.”

“பச்சை விழுந்தாச்சு. போ.”

*

ஒரு காலத்தில் கூடம் நிறைந்து வழிந்த ரீயூனியன். இப்போது ஒரே ஒரு மேஜை.

அலமாரியில் க்ளாஸ்கள் வரிசை வரிசையாகக் கவிழ்ந்து கிடந்தன. நிமிர்ந்து நின்றது ஒன்றே ஒன்று. ‘ஒட்டடை’ என்று செதுக்கியது.

அதற்குப் பக்கத்தில் ‘புயல்’... தலைகீழாக!

புயல் ஹெல்மெட்டை இன்னும் கீழே இழுத்து விட்டுக்கொண்டார்.

“வாடா செத்தவனே.”

குரல் கேட்டுத் திரும்பினார். சக்கர நாற்காலியில் ஒட்டடை. ஒரு காலத்தில் ஒட்டடைக் குச்சி மாதிரி இருந்தவர், இப்போது அதைவிட மெலிந்திருந்தார். வலது காலில் மாவுக்கட்டு.

“ஒரு மாசமா ஆஸ்பத்திரி. நேத்துதான் விட்டாங்க. பாத்ரூம்ல வழுக்கிட்டேன். போர்ல விழாதவன் சோப்புல விழுந்தேன். அது என்னடா தலையில?”

“பாதுகாப்புக்கு.”

“போர் நடந்தப்போகூட நீ அதை இவ்வளவு நேரம் போட்டதில்லையேடா.”

“ஒட்டடை, விளையாட்டு வேணாம். என் க்ளாஸை யார் கவிழ்த்தது? அலமாரிச் சாவி உசிரோட இருக்கிறவங்க கிட்டதானே இருக்கு. என்கிட்ட ஒண்ணு. உன்கிட்ட ஒண்ணு.”

“பாதிரிகிட்ட ஒண்ணு இருந்ததே?”

“அவன்தான் செத்துட்டானே.”

“அவன் செத்தான். சாவி சாகலையே.”

வாசலில் செருப்புச் சத்தம்.

பாதிரியின் மகள். நிதானமாக நடந்து வந்தாள். சீருடை இல்லை, சாதாரண புடவைதான். ஆனாலும் அவள் போலீஸ் இன்ஸ்பெக்டர் என்பது நடையிலேயே தெரிந்தது.

“நல்லா இருக்கீங்களா அங்கிள்? ஏன் இப்படி வேர்க்குது?”

“ஹெல்மெட்... காத்து வராது.”

“கழட்டிடலாமே.”

“வேணாம்மா.”

புயலின் மனைவி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “அப்பா இடத்துல நீ வந்ததுல சந்தோஷம்டி கண்ணு.”

“அப்பா சார்பா ஒரு வேலை பாக்கி இருக்கு ஆன்ட்டி.”

எல்லோரும் உட்கார்ந்தார்கள். சுவரில் திரை போட்டு மூடிய பெரிய படம். திரைக்குப் பின்னால் தீப்பற்றி விழும் எதிரி விமானமும், அதைப் புன்னகையோடு பார்க்கும் புயலும் இருந்தார்கள். ஓவியரிடம் பக்கத்தில் உட்கார்ந்து அவரே சொல்லிச் சொல்லி வரையவைத்தது.

மேனேஜர் சூப் கொண்டுவந்தார். புயல் தொடவில்லை. ரொட்டியை முகர்ந்து பார்த்துவிட்டு வைத்தார். ஒட்டடை அலமாரியிலிருந்து எடுத்த தன் க்ளாஸில் ஆரஞ்சு ஜூஸை நிரப்பிக்கொண்டார்.

“சொல்லுடா புயல். அந்தக் கதையை. அன்னிக்கு வானத்துல என்ன நடந்தது?”

“இப்ப எதுக்கு அது?”

“கேட்காதப்பவே சொல்லுவே. இன்னிக்குக் கேட்டும் சொல்ல மாட்டேங்கறே. உடம்பு சரியில்லையா?”

புயல் வேறு வழியில்லாமல் இரண்டு கைகளையும் தூக்கினார். இடது கை எதிரி. வலது கை அவர். வழக்கமாக வலது கை பாய்ந்து வரும். இன்று தயங்கித் தயங்கி வந்தது.

“மேகத்துக்குப் பின்னாடி வெள்ளையா ஏதோ பளிச்சுன்னு...”

“வெள்ளையாவா? போன வருஷம் கறுப்புன்னே.”

“வெயில்ல வெள்ளையாத் தெரிஞ்சுது. எனக்குப் பின்னாடி பாதிரி வந்தான். அவன்தான் சாட்சி...”

“அப்பா அந்தக் கதையைச் சொல்லும்போது சிரிப்பார் அங்கிள்,” என்றாள் இன்ஸ்பெக்டர். “எதுக்குன்னு கேட்டா சொல்ல மாட்டார்.”

புயலின் கைகள் அந்தரத்தில் நின்றுபோயின.

ஒட்டடை சிரித்தபடியே ஜூஸைக் குடித்தார். ஒரு மடக்கு. இரண்டு.

க்ளாஸை வைத்தார்.

கை தொண்டைக்குப் போனது.

“ஹக்...”

“என்னடா?”

ஒட்டடையின் கண்கள் மேலே செருகின. தலை தொப்பென்று மேஜையில் விழுந்தது. கரண்டி துள்ளிக் கீழே போய் உருண்டது.

மேனேஜர் வீறிட்டார். இன்ஸ்பெக்டர் பாய்ந்து போய் ஒட்டடையின் கழுத்தில் விரலை வைத்துப் பார்த்தாள். நிமிர்ந்தாள்.

“போயிட்டார்.”

புயலுக்குக் கூடம் சுற்றியது. விஷம்... ஜூஸில் விஷம்... எனக்கு வைத்த விஷம்! ஓட வேண்டும். கால் வரவில்லை. கத்த வேண்டும். வாய் வரவில்லை.

கை மட்டும் வந்தது.

யாரும் சொல்லாமல், அவரைக்கூடக் கேட்காமல், வலது கை நீண்டது. ஒட்டடையின் க்ளாஸை எடுத்தது. ஜூஸோடு அப்படியே கவிழ்த்து வைத்தது.

ஆரஞ்சு நிறம் மேஜை விரிப்பில் பரவி ஓடியது.



“எருமை,” என்றது பிணம். “காஞ்சு போயிருந்தேன். பாதி ஜூஸ் பாக்கி இருந்ததேடா.”

ஒட்டடை ஈரக் கன்னத்தைத் துடைத்தபடி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

புயலின் வாய் திறந்தது. மூடவில்லை.

“மன்னிச்சுக்கோங்க அங்கிள்,” என்றாள் இன்ஸ்பெக்டர். குரலில் மன்னிப்பு இல்லை. “அப்பா க்ளாஸும் இப்படித்தான் இருந்தது.”

“எ... எந்த க்ளாஸ்?”

“கட்டில் பக்கத்துல வெச்சிருந்த தண்ணி க்ளாஸ். காலைல நான் போய்ப் பார்த்தப்போ கவிழ்ந்திருந்தது. மேஜை பூரா தண்ணி. அப்பாவோட மூக்குக் கண்ணாடி அதுல நனைஞ்சு கிடந்தது. தண்ணி இருக்கிற க்ளாஸை யார் அங்கிள் அப்படியே கவிழ்ப்பாங்க? டாக்டர் மாரடைப்புன்னார். திருடன் வந்தான்னு வெச்சுக்கிட்டாலும், திருடன் க்ளாஸைக் கவிழ்த்துட்டுப் போக மாட்டான்.”

“கவிழ்க்கறவன் எங்க ஆளுதான்,” என்றார் ஒட்டடை. “உசிரோட இருந்தது ரெண்டே பேர். நான் ஆஸ்பத்திரில காலைத் தூக்கிக் கட்டிட்டுத் தொங்கிட்டிருந்தேன்.”

“நான் அங்க போகவே இல்ல. எனக்கு ஜுரம்!”

“அந்த க்ளாஸை நான் கழுவலை அங்கிள். அதுல ரேகை இருக்கு. குடிக்கறதுக்குப் பிடிச்ச ரேகை இல்ல, கவிழ்க்கறதுக்குத் தலைகீழாப் பிடிச்ச ரேகை. இப்ப நீங்க ஒட்டடை அங்கிள் க்ளாஸைப் பிடிச்சீங்களே, அதே பிடி. ரெண்டையும் சேர்த்துவெச்சுப் பார்த்துடலாம்.”

புயல் தன் வலது கையைப் பார்த்தார். யாரோ ஒருவருடைய கையைப் பார்ப்பது போல. அன்றைக்குப் பாதிரியின் முகத்திலிருந்து தலையணையை எடுத்துத் தலைமாட்டில் சரியாக வைத்தது ஞாபகம் இருக்கிறது. கதவைச் சாத்தியது ஞாபகம் இருக்கிறது. க்ளாஸ் மட்டும்... சத்தியமாக ஞாபகமே இல்லை.

“அப்ப என் க்ளாஸைக் கவிழ்த்தது...”

“நான்தான். அப்பா சாவியில. சும்மா விளையாட்டுன்னு சிரிச்சுக்கிட்டு வர்றீங்களா, இல்ல பயந்து சாகறீங்களான்னு பார்க்கணும். நீங்க ஹெல்மெட்டே போட்டுட்டு வந்துட்டீங்க.”

மனைவி மெல்ல எழுந்தாள். நாற்காலியை அவரிடமிருந்து தள்ளிப் போட்டுக்கொண்டு மறுபடி உட்கார்ந்தாள்.

“தலையணை,” என்றாள். அவ்வளவுதான்.

புயல் உடைந்தார்.

“அவன் என்னை நாறடிக்கப் பார்த்தான்! படம் திறக்கிற அன்னிக்கே உண்மையைச் சொல்லப் போறேன்னான். இத்தனை வருஷம் கழிச்சு... நான் சுட்டது விமானம் இல்ல, பலூன்னு...”

ஒட்டடை அவரைப் பரிதாபமாகப் பார்த்தார்.

“பலூன்னு எங்க எல்லாருக்கும் தெரியுமேடா.”

“எ... என்ன?”

“மறுநாளே வானிலை ஆபீஸ்லேர்ந்து ஆள் வந்து, எங்க பலூனைக் காணோம், யாராவது பார்த்தீங்களான்னு கேட்டாங்க. அப்பல்லாம் பத்திரிகைக்காரங்களுக்கு ஒரு ஹீரோ தேவைப்பட்டான். போனா போகுதுன்னு விட்டுட்டோம். நீ கையைத் தூக்கி ஆட்டும்போதெல்லாம் மெஸ்ஸே மேஜைக்கடியில குனிஞ்சு சிரிக்கும். உனக்குத் தெரியாதா?”

புயலுக்கு இப்போது நிஜமாகவே வயிறு வலித்தது.

“அப்ப... பாதிரி சொல்ல இருந்த உண்மை?”

இன்ஸ்பெக்டரின் குரல் முதல் முறையாகக் கரகரத்தது.

“எதிர்வீட்டு பியானோ டீச்சர். ரெண்டு பேருக்கும் ரொம்ப நாளாப் பழக்கம். கல்யாணம் பண்ணிக்கப் போறேன்னு இங்க வந்து சொல்லணும்னு இருந்தார். இந்த வயசுல சொல்ல வெட்கம். அதான் உங்களுக்கு மட்டும் முன்கூட்டியே போன் பண்ணினார்... உங்களை மாப்பிள்ளைத் தோழனா நிக்கச் சொல்லலாம்னு.”

சுவரில் திரை லேசாக ஆடியது. யாரும் அதை இழுத்துத் திறக்கவில்லை.

வாசலில் ஜீப் உறுமியது. இரண்டு போலீஸ்காரர்கள் உள்ளே வந்தார்கள். நடுவில் எப்போதோ கழன்று விழுந்த ஹெல்மெட் நாற்காலிக்கடியில் கிடந்தது. புயல் எழுந்து நடந்தார். அலமாரியைத் தாண்டும்போது அந்தப் பக்கம் பார்க்காமல் போனார்.

“சார்,” என்றார் மேனேஜர் ஒட்டடையிடம், தயங்கி. “இவர் க்ளாஸை நிமிர்த்தி வெச்சிடட்டுமா?”

“கிடக்கட்டும் விடுப்பா. எதிரி பைலட் ஒருத்தனையும் தொடாதவன், கடைசில வீழ்த்தினது நம்ம பைலட்டை.”

வாசல்வரை போய்விட்ட புயலைப் பின்னாலிருந்து மனைவியின் குரல் நிறுத்தியது. குனிந்து ஹெல்மெட்டை எடுத்துத் தூசியைத் தட்டிக்கொண்டே வந்தாள்.

“இதைப் போட்டுக்கோங்க. ஜீப்ல தலை இடிக்கும். பாவம், முதல் தடவையா வயித்துவலின்னு சொல்லாம கிளம்பறீங்க.”