சாமுராய் மேல் பாய்ந்த குண்டு

“என் தம்பிய எப்படியாவது வெளிய கொண்டாந்திருங்க யக்கா. அவன் அப்பாவச் சுட்டிருக்க மாட்டான்,” என்றாள் எப்சி. களக்காட்டிலிருந்து பாளையங்கோட்டை வரை அழுதுகொண்டே வந்திருந்தாள். போலீஸ் வேலையை உதறிவிட்டுத் தனியாகத் துப்புத் துலக்கும் பிரம்மநாயகி, அழுகை ஓயட்டும் என்று காத்திருந்தாள். கூட்டாளி கிங்ஸ்லிக்குத்தான் அவசரம்.

“மொதல்ல இருந்து சொல்லும்மா,” என்றான்.

எப்சியின் அப்பா அருமைநாயகம் வாத்தியாருக்குப் பழைய ஜப்பானிய சாமுராய் படம் ஒன்றின் மேல் பித்து. பத்துப் பேரை வெட்டிச் சாய்த்த வீரன், கடைசியில் மறைவிலிருந்து சுட்ட ஒரு குண்டுக்குச் சுருண்டு விழுவான். அவன் விழுந்த பிறகும் சண்டை நடக்கும். அந்த இடம் வந்தால் வாத்தியார் மூச்சுகூட விடமாட்டார். ‘வித்தை தெரிஞ்சவன வக்கத்தவன் கொல்லத்தாம்லே துப்பாக்கி’ என்பாராம். தனியாக அதைப் பார்த்துக்கொண்டிருந்தவரைத்தான் யாரோ பின்சன்னல் வழியே சுட்டுவிட்டார்கள். எதிர்வீட்டுப் பெரியவரின் பிணம் எடுக்கும் நேரம். கொட்டும் வேட்டும் தெருவை அதிரவைத்ததில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

“பிணம் போனப்பறம் துட்டி வீட்ல இருந்து வாரேன். தெருவே அடங்கிட்டு. டிவியில வாளும் குதிரையுமா சண்ட நடக்குது. அப்பா சாஞ்சு கெடக்காரு. விரல் வழியா ரத்தம் தரையில சொட்டுச் சொட்டா விழுந்த சத்தம் இன்னும் காதுல கேக்குதுக்கா.”

சுட்டது பன்றி விரட்டும் நாட்டுத் துப்பாக்கி. அது இருந்த வாழைத்தோட்டத்து மோட்டார் அறைக்குச் சாவி இரண்டு பேரிடம் மட்டும்: தம்பி பெனோ, எப்சியின் கணவன் ஜெய்சன். பெனோவுக்கும் அப்பாவுக்கும் கல்யாண விஷயத்தில் மனக்கசப்பு. ஜெய்சனோ தோட்டத்தை விற்கச் சொல்லி நச்சரித்துக்கொண்டிருந்தான். அன்று தோட்டத்தில் இருந்த பெனோவைப் போலீஸ் அள்ளிக்கொண்டு போனது. எவ்வளவு அடித்தும் அவன் வாயைத் திறக்கவில்லை.

அன்று மாலையே மூவரும் களக்காட்டு வீட்டுக்குப் போனார்கள். ஜெய்சன் காபி கொடுத்து உபசரித்தான்.

“நீங்க அப்ப எங்கன இருந்தீங்க?” என்றாள் பிரம்மநாயகி.

“மச்சுல படுத்திருந்தேன். படத்துச் சத்தம் மேல வரைக்கும் கேட்டுச்சு. வெடிச்சதும், சரி, சாமுராய் செத்தான்னு நெனச்சுப் புரண்டு படுத்தேன். அது நெசத் துப்பாக்கின்னு யாரு கண்டா?”

“பாவம்,” என்றான் கிங்ஸ்லி. அவனுக்கு எல்லோரும் பாவம்தான்.

பிரம்மநாயகி திரும்பினாள். “எப்சி, தெருவுல துட்டி விழுந்தா உங்க வீட்டுல டிவி போடுவீங்களா?”

“போட்டாலும் சத்தம் வைக்க மாட்டோம்க்கா. அப்பாவும் அன்னைக்கு அமத்திட்டுத்தான் பாத்தாரு. கீழ எழுத்து ஓடும்லா, அது போதும்னு...” எப்சி பாதியில் நிறுத்தி ஜெய்சனைப் பார்த்தாள்.

“சண்ட நடக்கையில ரத்தம் சொட்டுறது உனக்குக் கேட்டுதுன்னியே, டிவியில சத்தம் இல்லன்னு அப்பவே நெனச்சேன். வீட்டுக்குள்ள இருந்தவனுக்கு அது ஊமைப்படம்னு தெரிஞ்சிருக்கும். சன்னலுக்கு வெளிய கொட்டுச் சத்தத்துல நின்னவனுக்கு எப்படித் தெரியும்? திரையில துப்பாக்கி தெரிஞ்சா மாமா அசைய மாட்டாருன்னு தெரியும். சுட்டுட்டான்.”

“தோட்டத்த வித்துருவோம்னு எத்தன தடவ கெஞ்சினேன். மனுசன் கேட்டாரா?” என்றான் ஜெய்சன்.

“தோட்டத்துல நீங்க துப்பாக்கிய எடுத்தத பெனோ பாத்திருக்கான். அக்கா தாலிக்காகத்தான் அத்தன அடியையும் வாங்கிட்டுக் கெடக்கான்,” என்றாள் பிரம்மநாயகி.

எப்சி பைய வாயைத் திறந்தாள். “யக்கா, தம்பி ஒண்டிக்கட்ட. எனக்கு ரெண்டு பிள்ளைய இருக்கு. கேஸு இப்படியே போகட்டுமே.”

பிரம்மநாயகி போனை எடுத்து இன்ஸ்பெக்டரை அழைத்தாள். எப்சி எழுந்துபோய், அப்பாவைக் கொன்றவன் பக்கத்தில் உட்கார்ந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.