கிளை நின்ற இடம்

வண்டிச் சத்தம் பாதியில் நின்றது.

மூடுபனிக்குள் எங்கிருந்தோ, உறைந்த ஏரியின் மேல் இரும்புப் பட்டைகள் இழையும் ஓசையும், நடுநடுவே காலால் உதைக்கும் சத்தமுமாகச் சீராக வந்துகொண்டிருந்த இர்மெலியின் சறுக்குவண்டி, தூரத்தில் தேய்ந்து மறையாமல், சட்டென்று கத்தரித்தது போல நின்றுபோனது. பிறகு ‘களக்’ என்று ஓர் ஓசை. அவ்வளவுதான்.

"அத்தை வந்துட்டாங்களாப்பா?" என்றாள் ஐந்து வயது கெர்த்து.

"இல்லடா செல்லம். வழியில நின்னு மூக்கு சிந்துறாங்களோ என்னவோ."

கெர்த்து சிரித்தாள். சமுலிக்குச் சிரிப்பு வரவில்லை. மகள் எதன் மேல் உட்கார்ந்திருக்கிறாள் என்பது அவனுக்குத் தெரியும்.

காலையில் வெயில் பளிச்சென்று இருந்தது. எதிரே தீவில் வசிக்கும் இர்மெலி, கடைக்குப் போகிற வழியில், ஏரியின் பனிக்கட்டியில் துளை போட்டுத் தூண்டில் இறக்கியிருந்த அவர்களைப் பார்த்து வண்டியை நிறுத்தினாள். மஞ்சள் கம்பளிக் கையுறை போட்ட கையால் கெர்த்துவின் கன்னத்தைக் கிள்ளினாள்.

"அடியேய், உங்கப்பன் பிடிக்கிற மீனை நம்பினா ராத்திரிக்கு வெறும் உருளைக்கிழங்குதான்டி!"

"வாய் மட்டும் குறையாது உங்களுக்கு. திரும்பி வரும்போது பாருங்கக்கா."

"பாக்கத்தானே போறேன். குட்டிக்கு ஏலக்காய் பன் வாங்கிட்டு வர்றேன், உனக்குக் கிடையாது."

அவள் போன கொஞ்ச நேரத்தில் கெர்த்து, உட்காருகிற இடம் சில்லிடுகிறது, வீட்டுக்குப் போகலாம் என்று அழ ஆரம்பித்தாள். மகளின் முதல் மீன் அவன் கண்ணெதிரே தூண்டிலில் ஏறவேண்டும் என்பது சமுலியின் ஆசை. அவளுக்கு அடியில் விரிக்க, கரைக்குப் போய்க் காட்டில் இலைக்கொத்து ஒடித்து வர அலுப்பு. பக்கத்திலேயே, ஏரி குறுகும் இடத்தில், பனிக்கட்டியில் குத்தி நிறுத்திய ஊசியிலைக் கிளைகள் வரிசையாக நின்றன. அடியில் ஓடும் நீரோட்டம் அங்கே பனிக்கட்டியை அரித்துத் தின்றுவிடும், மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது. குளிர்காலம்தோறும் தீவுக்காரர்கள் கிளை நட்டு வழி காட்டுவார்கள். இந்த வருஷம் நட்டது இர்மெலி. அந்தக் கிளையைத் தொடக்கூடாது என்று அந்த ஊரில் நடக்கப் பழகும் பிள்ளைக்குக்கூடச் சொல்லி வைப்பார்கள்.

அவன் இரண்டைப் பிடுங்கி மகளுக்கு அடியில் விரித்தான். போகும்போது திரும்ப நட்டுவிடலாம் என்று நினைத்தான்.

"அம்மாகிட்ட சொல்லிடாதே. யார்கிட்டயும் சொல்லக்கூடாது, சரியா?"

"சரிப்பா" என்று பெரிய மனுஷி போலத் தலையாட்டினாள் கெர்த்து.

அதன் பிறகுதான் மூடுபனி இறங்கியது.

"அத்தையைக் கூப்பிடேன்ப்பா" என்றாள் இப்போது.

கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட்டுப் பதில் வராவிட்டால் அது நிஜமாகிவிடும். அந்தப் பயத்தில் அவன் வாயை மூடிக்கொண்டு, துளைக்குள் கறுத்துக் கிடந்த தண்ணீர் மேலேறித் தளும்புவதையும், அடங்குவதையும், மறுபடி தளும்புவதையும், கீழே ஏதோ பெரிதாகப் புரண்டு படுப்பதைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தான். எவ்வளவு நேரம் அப்படி உட்கார்ந்திருந்தான்? சே, என்ன மனிதன் நான் என்று தோன்றிய பிறகுதான் எழுந்தான்.

"இங்கேயே இரு. அசையக்கூடாது. அப்பா இதோ வந்துடறேன்."

மூடுபனியில் ஈரக் கம்பளி வாடை அடித்தது. வண்டித் தடம் கண்ணில் பட்டது. இரண்டு கோடுகள், கிளையிலிருந்து அடுத்த கிளைக்கு, அதிலிருந்து அடுத்ததற்கு. கிளை இல்லாத இடத்தில் கோடுகள் தடுமாறி உள்பக்கம் வளைந்தன. அங்கே தண்ணீர். கறுப்பாக, வாசற்கதவு அகலத்துக்கு. அதில் ஒரு காகிதப் பை மிதந்தது. வேறொன்றும் இல்லை.

கை சட்டைப்பையிலிருந்த போனுக்குப் போனது. எடுக்கவில்லை. முதலில் கிளைகளைக் கொண்டுவந்து நட்டுவிட வேண்டும் என்று நினைத்தான். நட்டுவிட்டால், அவளாகவே வழி தவறியதாக இருக்கும். கடவுளே, அப்படித்தான் நினைத்தான்.

திரும்பி ஓடினான்.

வாளி இருந்தது. தூண்டில் இருந்தது. கெர்த்து இல்லை. கிளைகளும் இல்லை.

"கெர்த்து!"

குட்டிக் காலடிகள். பக்கத்தில் பெரிய காலடிகள், தண்ணீர் நிரம்பியவை. இரண்டும் அவன் வந்த வழியே திரும்பிப் போயின.

ஓடினான். விழுந்தான். எழுந்தான்.

கறுத்த தண்ணீருக்கு அந்தப் பக்கம் கெர்த்து நின்றிருந்தாள். விறைப்பாக. இரண்டு கைகளையும் விரித்து, கைக்கொரு கிளையாக. வாய் எதையோ மென்றுகொண்டிருந்தது. நனைந்து ஊறிய பன். தாடை வழியே தண்ணீர் சொட்டியது.

"அசையாதே கண்ணு. அப்பா வர்றேன்."

ஓர் அடி வைத்தான். அவன் காலடியில் கிளம்பிய விரிசல் நேராக அவளை நோக்கி ஓடியது. நின்றான்.

"யாராவது இங்க நிக்கணுமாம்ப்பா. இல்லாட்டி வர்றவங்க விழுந்துடுவாங்களாம்."

"யாரு சொன்னா?"

கெர்த்து குனிந்து தன் காலணிகளைப் பார்த்தாள். அவனும் பார்த்தான். அங்கே பனிக்கட்டி கண்ணாடியாக மெலிந்திருந்தது. ஒரு பூனையைக்கூடத் தாங்காது. அதன் அடியில், அவள் பாதங்களுக்கு நேர்கீழே, இரண்டு மஞ்சள் கையுறைகள். உள்ளங்கைகள் விரிந்து. மேல்நோக்கித் தாங்கியபடி.

"கிளையை யாரு பிடுங்கினதுன்னு அத்தை கேக்குறாங்கப்பா. நீ சொல்லக்கூடாதுன்னியே, அதான் நான் சொல்லல. சொல்லட்டுமா?"

நான்தான். ஒரே வார்த்தை. தொண்டை வரைக்கும் வந்தது.

"காத்துன்னு சொல்லு" என்றது அவன் வாய். "காத்து அடிச்சுப் போச்சுன்னு சொல்லும்மா."

கெர்த்து குனிந்து, சொன்னதை அப்படியே சொன்னாள்.

பனிக்கட்டிக்கு அடியில் ஒரு மஞ்சள் விரல் மெதுவாக மடங்கியது. பிறகு அடுத்தது.